குழாய் தெற்கே வருகிறது: சென்னையின் தண்ணீர்த் தேவையும் செய்யூர்க் கரையும்

செங்கல்பட்டு மாவட்டத்தில் எட்டு வட்டங்கள். வட முனையில் பல்லாவரமும் தாம்பரமும். தென் முனையில் செய்யூர். அங்கே நெருங்கி நிற்கும் அடுக்குமாடிகள், இங்கே நெல்வயலும் உப்பளமும் மீனவக் குப்பங்களும். நடுவே பாலாறு, ஆண்டின் பெரும்பகுதி மேலே மணலும் அடியில் நீருமாகக் கிடக்கிறது.

வளரும் நகரத்துக்குத் தண்ணீர் எப்படிக் கொடுப்பது என்ற கேள்வியை எப்போதும் நகரத்தின் நடுவில் நின்றே கேட்கிறோம். இன்னும் இருபது ஆண்டில் எத்தனை கோடி லிட்டர் வேண்டும், எங்கிருந்து கொண்டுவரலாம் என்று கணக்குப் போடுகிறோம். இதே கேள்வியைச் செய்யூரில் நின்று பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து 2022-இல் அரசாணை வெளியானது. செங்கல்பட்டும் மாமல்லபுரமும் புதுநகர் வளர்ச்சித் திட்டப் பட்டியலில் இருக்கின்றன. நகரம் தெற்கே வந்தால் குழாயும் வரும். அது தண்ணீர் கொண்டுவரும் குழாயா, கொண்டுபோகும் குழாயா என்பதைச் செய்யூர் வட்டத்து மக்கள் இப்போதே கேட்டாக வேண்டும்.

தொடக்கத்திலேயே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தர வேண்டும் என்பது நாட்டில் வழங்கும் நெறிமுறை. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தவர் ஒருவருக்கு 55 லிட்டர். ஒரே மாவட்டத்தில், ஒரே ஆற்றின் இரு பக்கத்திலும் பிறந்தவர்களுக்கு இரண்டு அளவுகோல். கிராமத்தில் மாட்டுக்கும் தண்ணீர் வேண்டும் என்பதை எந்த அளவுகோலில் சேர்த்தார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

சென்னை தண்ணீர் தேடிய வழி

கோட்டைக்கு வெளியே நல்ல தண்ணீர் தேடி 1772-இல் வெட்டப்பட்ட கிணறுகளின் பெயரில்தான் இன்றும் ஏழுகிணறு வட்டாரம் அழைக்கப்படுகிறது. நூறு ஆண்டு கழித்து, 1872-இல், பொறியாளர் ஃபிரேசர் வகுத்த திட்டப்படி செங்குன்றம் ஏரியிலிருந்து தண்ணீர் வந்தது. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டி, இறைத்து அனுப்பும் நிலையம் இயங்கத் தொடங்கியது. மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் கொற்றலையாற்றில் எழுந்த பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் பயனுக்கு வந்தது. அவர் பெயரையே அது தாங்கி நிற்கிறது. 1978-இல் பெருநகரக் குடிநீர் வாரியம் அமைந்தது, மக்கள் வாயில் 'மெட்ரோ வாட்டர்' ஆனது.

பிறகு தூரம் கூடிக்கொண்டே போனது. மகாராஷ்டிரமும் கர்நாடகமும் ஆந்திரமும் தலைக்கு 5 டிஎம்சி கிருஷ்ணா நீரைச் சென்னைக்கு விட்டுக்கொடுக்க 1976-இல் இசைந்தன. வழிச் சேதம் போக 12 டிஎம்சி எல்லையில் கிடைக்க வேண்டும். 1983-இல் ஆந்திரத்தோடு உடன்பாடு கையெழுத்தாகி, முதல் தண்ணீர் பூண்டிக்கு வந்தது 1996-இல். ஒப்பந்தத்தில் எழுதிய அளவு முழுதாக வந்ததே இல்லை. 2004-இல் வீராணத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் நீண்ட குழாயில் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுவரும் புதிய வீராணம் திட்டம் முடிந்தது. 2020-இல் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் சேர்ந்தது.

இத்தனைக்கும் பிறகு சேமிப்பு எவ்வளவு? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை ஆகிய ஐந்தும் நிரம்பி வழிந்தால் ஏறத்தாழ 11.75 டிஎம்சி. வீராணத்தையும் சேர்த்தால் 13.2. நகரம் நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் செலவழித்தால் ஒரு டிஎம்சி 28 நாள் வரும். ஆறு ஏரியும் ததும்பி, ஒரு சொட்டுகூட ஆவியாகாமல் இருந்தாலும் ஓர் ஆண்டுச் செலவுக்குத்தான் காணும். வடகிழக்குப் பருவமழை ஒருமுறை பொய்த்தால் கையிருப்பு கரையும், அடுத்த ஆண்டும் பொய்த்தால் 2019 கோடைதான். அந்த ஜூனில் செம்பரம்பாக்கத்தின் தரை வெடித்துக் கிடந்ததை உலகமே படத்தில் பார்த்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வண்டிக்கு 25 லட்சம் லிட்டர் வந்தது. நான்கு ஆண்டுக்கு முன், 2015 டிசம்பரில், இதே செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றங்கரையை மூழ்கடித்திருந்தது. மழை பெய்கிறது. அதைப் பிடித்து வைக்க இடம் போதவில்லை. இருந்த இடங்களையும் நாமே அடைத்துவிட்டோம்.

ஏரி மாவட்டம்

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று சொல்வது வழக்கம். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இந்தச் சீமையின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து, ஊர்தோறும் நிலம், வீடு, ஏரி, குளம் என்று கணக்கெடுத்தார். விளைச்சலில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதும் அந்தக் கணக்கில் இருக்கிறது. ஏரியைப் பராமரிக்க ஊர் ஒதுக்கிய பங்கும் அதில் ஒன்று. அதற்கும் எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் உண்டு. உத்திரமேரூரைத் தேர்தலுக்காகப் பெருமையோடு நினைவுகூர்கிறோம். எதற்காகத் தேர்தல் நடத்தினார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

செய்யூருக்கு மேற்கே மதுராந்தகம் ஏரி இருக்கிறது. மாவட்டத்தின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று; கிளியாறு அதற்கு நீர் தருகிறது. 1790களில் ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் அதன் கரையைப் பலப்படுத்தியதும், மழை இரவில் கரை உடையாமல் இராமர் காத்தார் என்ற நம்பிக்கையும் சேர்ந்தே 'ஏரி காத்த ராமர்' என்ற பெயரை நிலைநாட்டின. அருகில் வேடந்தாங்கல். பறவைகளுக்காகப் பட்டாசு வெடிக்காத அந்த ஊர், ஓர் ஏரி பாசனத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை நடைமுறையில் காட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் அல்ல என்பதுதான் நகரத் திட்டக்காரர்கள் தவறவிட்ட அடிப்படை. மேட்டு ஊரின் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து, போக்குக்கால் பிடித்து, அடுத்த ஊரின் வரத்துக்காலாக மாறி, அதன் ஏரியை நிரப்பும். பெரிய ஏரி, சித்தேரி, தாங்கல் என்று வரிசையாக இறங்கி, கடைசி உபரி கடலோரக் கழிமுகத்துக்குப் போகும். செய்யூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில் ஓதியூர்க் கழிமுகம் வரை இந்த வரிசை செல்கிறது. முதலியார்குப்பத்தில் படகு ஏறுகிறவர்கள் பார்க்கும் நீர்ப்பரப்பு, மேற்கே எத்தனையோ ஏரிகள் நிரம்பிய பிறகு வந்து சேர்ந்த நல்ல தண்ணீரும் கடல் நீரும் கலந்தது. அந்தக் கலப்பில்தான் இறாலும் நண்டும் வளர்கின்றன. வரத்துக்கால் ஒன்றை மனைப்பிரிவு போட்டு மூடினால் கீழே இருக்கும் ஏரிகளுக்கு நீர்வரத்து குறைகிறது, கடைசியில் கழிமுகத்து மீனவரின் வலையில் மீன் குறைகிறது.

சென்னைக்கு அருகே இருந்த ஏரிகளுக்கு நேர்ந்தது இதுதான். முதலில் ஆயக்கட்டு வயல்கள் மனைகளாயின. பாசனம் இல்லாத ஏரி எதற்கு என்ற பேச்சு எழுந்தது. வரத்துக்கால் தூர்ந்தது, மதகு பயனற்றுப் போனது, நீர்க்கட்டி என்ற பணியாளர் ஊரிலிருந்து மறைந்தார். பிறகு ஏரிக்குள்ளேயே வீட்டு வசதிக் குடியிருப்பு வந்தது. நுங்கம்பாக்கம் ஏரி, மாம்பலம் ஏரி என்று இப்போது பெயர்கள்தான் எஞ்சியிருக்கின்றன. தெற்கே இறங்கும் நகரம் இதையே திரும்பச் செய்யாமல் இருக்க ஒரே வழி, மனைப்பிரிவுக்கு அனுமதி தருமுன் வருவாய்த் துறையின் புல வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு வாய்க்காலையும் தரையில் அளந்து கல் நடுவதுதான். கூர்ந்து பார்த்தால் இது மிகக் குறைந்த செலவில் முடியும் குடிநீர்த் திட்டம். ஆயினும் எந்தக் குடிநீர்த் திட்ட அறிக்கையிலும் இதை ஒரு பணியாகக் காண முடிவதில்லை.

பொறுப்பும் சிதறிக் கிடக்கிறது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையிடம், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடம். நிலத்தடி நீரைப் பார்ப்பது வேறொரு பிரிவு, கிராமத்துக் குடிநீர் 1971-இல் தொடங்கிய குடிநீர் வடிகால் வாரியத்திடம், நகரத்துக் குடிநீர் மெட்ரோ வாட்டரிடம். ஓடி வரும் தண்ணீருக்கோ இந்த எல்லைகள் எதுவும் இல்லை.

பாலாறு என்னும் நிலத்தடி ஏரி

கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து, ஆந்திரம் கடந்து, மொத்தம் 348 கிலோமீட்டரில் 222 கிலோமீட்டரைத் தமிழ்நாட்டில் ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் அருகே கடல் சேர்கிறது பாலாறு. அதன் மணலே ஒரு நீர்த்தேக்கம். ஆற்றுப் படுகையில் ஆழமாக இறக்கிய ஊற்றுக் கிணறுகளிலிருந்து செங்கல்பட்டும் தாம்பரம், பல்லாவரம் பகுதிகளும் கல்பாக்கமும் பல ஆண்டுகளாகத் தண்ணீர் எடுத்து வருகின்றன. அதாவது இந்த மாவட்டத்தின் வடக்கு, தெற்கின் மணலிலிருந்து தண்ணீர் குடிப்பது புதிய செய்தி அன்று.

அந்த மணலை அள்ளி விற்றோம். மணல் போனால் தண்ணீர் தங்கும் இடம் போயிற்று. மழை வெள்ளம் ஒரே வாரத்தில் கடலுக்குள் ஓடிவிடும். மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் கழிவும் இதே மணலில் இறங்கியது. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்துகிறவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடிக்கல்களில் ஒன்று பாலாற்றில் நடப்பட்டது என்று பெருமை கொள்ளலாம். அந்த ஆற்றங்கரைக் கிணறுகளில் உவர்ப்பு நீங்கியதா என்று கேட்டால் பெருமை குறைந்துவிடும்.

அண்மை ஆண்டுகளில் நடந்த நல்ல காரியம் கடைமடைத் தடுப்பணைகள். வள்ளிபுரத்துக்கும் ஈசூருக்கும் இடையே ஒன்று. வாயலூருக்கும் தென்கரையில் செய்யூர் வட்டத்துச் சிற்றூரான கடலூருக்கும் இடையே இன்னொன்று. இவை உயர்ந்த அணைகள் அல்ல. வெள்ள நீரைக் கொஞ்ச நாள் நிறுத்தி மணலுக்குள் இறக்கவும், கடல் நீர் ஆற்றுப்படுகைக்குள் ஏறாமல் தடுக்கவும் கட்டப்பட்டவை. மழைக்குப் பிறகு இவற்றில் நீர் தேங்கி நிற்கும்போது இரு கரை ஊர்களின் கிணற்று மட்டமும் ஏறுகிறது. இத்தகைய தடுப்பணைகள் இன்னும் வேண்டும் என்று உழவர்கள் கேட்பது நியாயம். ஒரு நிபந்தனையோடு: தேக்கிய நீரை எல்லாம் ஊற்றுக் கிணறு வழியே வடக்கே இறைத்துவிட்டால் தடுப்பணை வெறும் மோட்டார்த் தொட்டியாகிவிடும். எந்த மட்டத்துக்குக் கீழே இறைக்கக் கூடாது என்ற வரம்பு எழுத்தில் இருக்க வேண்டும்.

உப்புக்கு மேலே மிதக்கும் தண்ணீர்

கோவளத்திலிருந்து மரக்காணம் வரை கடலோர மணல்மேட்டு ஊர்களில் கடலுக்கு எட்டிய தூரத்தில் கிணறு தோண்டினாலும் நல்ல தண்ணீர் கிடைக்கும். அதே ஊரில் கொஞ்சம் மேற்கே, பக்கிங்காம் கால்வாயை ஒட்டிப் போனால் உப்புத் தண்ணீர். காரணம் எளியது. மணலில் இறங்கிய மழை நீர் எடை குறைவானது. அது அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மிதக்கிறது. இந்த மிதப்புக்கு ஓர் அளவு உண்டு: நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்திருந்தால் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல தண்ணீர் நிற்கும். அந்த ஓரடியை இறைத்து இறக்கிவிட்டால், கீழே உப்பு நீர் 40 அடி மேலேறி வரும்.

இந்தக் கணக்கைப் புறக்கணித்ததன் விலையைச் சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் கொடுத்தது. அங்கே குடிநீருக்கும் ஆலைகளுக்கும் பாசனத்துக்கும் பல பத்தாண்டுகள் இறைத்ததில் கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது, வயல்கள் உவர்ந்தன. தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனங்களும் குடியிருப்புகளும் எழுந்தபோது குழாய் வரவில்லை, லாரி வந்தது. திருப்போரூர்ப் பக்கத்து வயற்கிணறுகளின் தண்ணீர் லாரியில் ஏறியது. நெல் விளைவிப்பதைவிடத் தண்ணீரை விற்றால் காசு உடனே கிடைக்கும் என்ற நிலையில் ஓர் உழவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் விற்பது தம் கிணற்றின் அடியில் இருப்பதை மட்டும் அன்று, பக்கத்து நிலத்தாரின் நீரையும்தான்.

சட்டம் என்ன செய்தது? 1987-இல் சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. நகரமும் குறிப்பிட்ட சுற்று ஊர்களும் அதற்குள் அடங்கின. மாநிலத்தின் மற்றப் பகுதிகளுக்காக 2003-இல் இயற்றப்பட்ட நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது. நகரத்துக்கு ஒரு காப்பு, ஊருக்கு இல்லை. செய்யூர்க் கரையில் பண்ணை வீடுகளும் விடுதிகளும் மனைப்பிரிவுகளும் பெருகும் இந்த நேரத்தில், கடலோர மணற்படுகைக்குத் தனிக் காப்புச் சட்டம் வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஆழ்துளைக் கிணறு போடுவதற்குக்கூட அங்கே அனுமதி கட்டாயமாக வேண்டும். லாரியில் நீர் ஏற்றி விற்பதை அடியோடு நிறுத்த வேண்டும்.

கடலைக் குடிநீராக்குவது

ஏரியும் ஆறும் கைவிட்ட நகரம் கடலைப் பார்த்தது. 2010-இல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலை. 2013 பிப்ரவரியில் மாமல்லபுரம் சாலையில் நெம்மேலியில் இன்னொரு 10 கோடி. 2024 பிப்ரவரியில் நெம்மேலியிலேயே 15 கோடி. அருகே பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு ஜப்பானியக் கடனுதவியோடு, 4,276 கோடி ரூபாய்த் திட்டமாக, 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. நான்கும் முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்கு 75 கோடி லிட்டர். ஆண்டுக்கு 9.7 டிஎம்சிக்குச் சமம். ஐந்து ஏரிகளின் மொத்தக் கொள்ளளவில் பத்தில் எட்டுப் பங்கு. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வரும் தண்ணீர் இது. இந்த உறுதி பெரிது. 2019-ஐ நேரில் பட்டவர்கள் இதை எளிதாகத் தள்ளிவிட மாட்டார்கள். நானும் தள்ளவில்லை.

விலையையும் பார்க்க வேண்டும். மீஞ்சூர் ஆலையிடமிருந்து ஆயிரம் லிட்டர் 48.66 ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தமானது. சவ்வு வழியே உப்பைப் பிரிக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செல்லும். மூன்றரை என்று வைத்துக்கொண்டால் பேரூர் ஆலைக்கு மட்டும் நாளொன்றுக்கு 14 லட்சம் யூனிட். இரு மாதத்துக்கு 100 யூனிட் என்ற இலவச மின்சாரக் கணக்கில் இது எட்டு லட்சம் வீடுகளுக்கு மேல் போதும். நிலக்கரி எரித்து அந்த மின்சாரத்தை எடுத்தால் எண்ணூர்க்காரர்களின் மூச்சில் சாம்பல் சேரும். ஆகையால் புதிய ஆலை ஒவ்வொன்றோடும் அதற்கான காற்றாலை, சூரிய மின் ஏற்பாடும் சேர்ந்தே வர வேண்டும்.

மற்றொன்று கடலோரம். எடுக்கும் கடல் நீரில் பாதிக்கும் குறைவே குடிநீராகும். மீதி, ஏறத்தாழ இரு மடங்கு உப்போடு திரும்பக் கடலுக்குள் போகும். ஆழத்தில், பரவலாக விட்டால் கலந்துவிடும். கரையருகே விட்டால் மீன் முட்டையும் குஞ்சும் தாங்கா. நெம்மேலி ஆலையை ஒட்டிய சூளேரிக்காட்டுக்குப்பத்தில் கரை அரிப்பு கூடியது என்று மீனவர்கள் பல ஆண்டாக முறையிட்டு வருகிறார்கள். இந்தக் கரையில் மணல் ஆண்டு முழுக்க வடக்கும் தெற்குமாக நகர்ந்துகொண்டிருக்கிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே எதைக் கட்டினாலும் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் குப்பம் கரையும். மீனவர் கரையில் வலை உலர்த்துவதும் படகு ஏற்றுவதும் அந்த மணலில்தான். ஒரு நகரத்தின் குடிநீருக்காக ஒரு குப்பத்தின் மணல் போகுமானால், அதற்கு ஈடு திட்ட மதிப்பீட்டிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தோடு இணைந்த சிறு ஆலை ஒன்று நாளொன்றுக்கு 63 லட்சம் லிட்டர் தரும் அளவில் அமைக்கப்பட்டது. நீராவியின் வெப்பத்தால் கடல் நீரைக் காய்ச்சி வடிப்பதும் சவ்வு முறையும் அதில் சேர்ந்திருக்கின்றன. பெரிய அளவுக்கு இது விரியவில்லை. ஆனால் கடலோர ஊர்கள் பலவற்றின் தேவைக்கு இந்த அளவே போதும் என்பது கவனிக்கத்தக்கது. ஒருவருக்கு 55 லிட்டர் என்றால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் காணும்.

இதற்கிடையே 2025-26 நிதிநிலை அறிக்கையில், திருப்போரூர் அருகே கோவளம் வடிநிலத்தில் 1.6 டிஎம்சி கொள்ளளவில் புதிய நீர்த்தேக்கம் அறிவிக்கப்பட்டது. வீணாகக் கடலுக்குப் போகும் மழை நீரைப் பிடிப்பது நோக்கம். 'வீணாக' என்ற கணக்கில் கழிமுகத்து இறாலும் அதை நம்பிய குடும்பங்களும் வரவில்லை. மழை நீரைத் தேக்குவது நல்லது. எவ்வளவு நீர் கழிமுகத்துக்கு விடப்படும் என்பதை முதலில் மீனவரோடு உட்கார்ந்து முடிவு செய்வது அதைவிட நல்லது.

கைவசம் இருக்கும் தண்ணீர்

புதிய நீருக்கு முன் பழைய நீரைக் காக்க வேண்டும் என்று எல்லா அறிக்கைகளும் ஒரு பத்தியில் சொல்லிவிட்டுப் போகும். இந்திய நகரங்களில் குழாயில் விடும் நீரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கசிவிலும் கணக்கில் வராமலும் போகிறது. சிங்கப்பூர் இதைப் பத்து விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருக்கிறது. அது பணத்தால் மட்டும் வந்த வெற்றி அன்று. குழாய் ஒவ்வொன்றுக்கும் அளவி, அளவி ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் என்ற ஒழுங்கால் வந்தது. நம் ஊரில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடுவதில் இன்னொரு கேடும் உண்டு. குழாய் காலியாகும்போது உள்ளே ஏற்படும் வெற்றிடம் விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடையை இழுத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடத் தண்ணீர் ஏன் நாறுகிறது என்று கேட்கும் தாய்மார்களுக்கு இதுதான் பதில்.

சென்னையில் நன்றாக நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்து, தலா 4.5 கோடி லிட்டர் ஆலைகளுக்குக் கொடுக்கும் ஏற்பாடு 2019-இல் வந்தது. மணலியின் ஆலைகளும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளும் அதைப் பயன்படுத்துகின்றன. அந்த அளவுக்கு ஏரி நீர் மிச்சம். கடல் நீரில் இருக்கும் உப்பில் சிறு பங்கே கழிவுநீரில் இருப்பதால் இதற்கான மின்சாரமும் குறைவு. 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பும் அப்படித்தான்: அடுத்தடுத்த ஆண்டுகளில் சென்னைக் கிணறுகளின் மட்டம் ஏறியதைப் பலரும் கண்டார்கள். பின்னர் குழிகள் தூர்ந்தன, கவனிப்பார் இல்லை. தெற்கே உருவாகும் புதுநகர்களில் தொடக்கத்திலேயே இரட்டைக் குழாய் போட்டுவிடலாம், குடிக்க ஒன்று, கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் ஒன்று. கட்டி முடித்த நகரில் இது பெரும்பாடு, கட்டப் போகும் நகரில் எளிது.

கொடுக்கும் ஊருக்கு என்ன

இரண்டு வெளிநாட்டு நகரங்களை எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் 1913-இல் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து 370 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுபோனது. உழவர்களின் நிலமும் நீருரிமையும் சத்தமில்லாமல் வாங்கப்பட்டன. 1920களில் ஓவன்ஸ் ஏரி வற்றியது. அதன் தரையிலிருந்து கிளம்பிய புழுதி பல தலைமுறைகளை இருமவைத்தது. அந்தப் புழுதியை அடக்க நகரம் நூறு கோடிக்கணக்கான டாலர் செலவழித்தது. நியூயார்க் வேறு வழி எடுத்தது. தனக்கு நீர் தரும் கேட்ஸ்கில் மலைப்பகுதி ஊர்களோடு 1997-இல் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. நகரத்தின் பணத்தில் அந்த ஊர்களின் காடு காக்கப்பட்டது, உழவர்களுக்கு உதவி கிடைத்தது, வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிகள் சீராயின. இதனால் மிகப் பெரிய செலவிலான வடிகட்டு ஆலை கட்டும் தேவை நகரத்துக்கு நீங்கியது. ஊரைக் காத்ததால் நகரத்துக்கும் இலாபம்.

நியூயார்க் செய்தது நமக்குப் புதிதன்று. விளைச்சலில் ஏரிக்கு ஒரு பங்கு என்று பர்னார்டு கணக்கில் இருந்த அதே ஏற்பாட்டை, தண்ணீர்க் கட்டணத்தில் ஏரிக்கு ஒரு பங்கு என்று மாற்றினால் போதும். மெட்ரோ வாட்டர் வசூலிக்கும் கட்டணத்தில் ஒரு சிறு விகிதம், நீர் தரும் ஆற்றுப்படுகை, ஏரி, கடலோர ஊராட்சிகளுக்கு ஆண்டுதோறும் நேராகச் செல்ல வேண்டும். அது கரை, மதகு, வரத்துக்கால் பராமரிப்புக்கு மட்டுமே செலவாக வேண்டும். குழாய் செல்லும் வழியில் உள்ள ஊர்களுக்கு முதலில் தண்ணீர், மீதி நகரத்துக்கு என்பது அடுத்தது. தலைக்கு மேல் குழாய் போகும் ஊரில் பெண்கள் குடத்தோடு நிற்பது இனி நடக்கக் கூடாது.

செய்யூர் ஒருமுறை பெரிய திட்டத்தின் எதிரே நின்ற ஊர். 4,000 மெகாவாட் அனல்மின் நிலையமும் பனையூரில் நிலக்கரித் துறைமுகமும் திட்டமிடப்பட்டபோது, ஏரிகளும் கழிமுகமும் மீன்பிடியும் கெடும் என்று உழவரும் மீனவரும் சேர்ந்து எதிர்த்தார்கள். திட்டம் நிறைவேறவில்லை. தண்ணீர்த் திட்டத்தை அப்படி எதிர்க்க முடியாது, எதிர்க்கவும் வேண்டாம். தாகம் எல்லோருக்கும் பொது. ஆனால் நிபந்தனை விதிக்க முடியும். நிபந்தனை விதிக்க ஊரிடம் கணக்கு இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளிலும் கிராமசபை கூடுகிறது. செய்யூர் வட்டத்து ஊராட்சிகள் ஒவ்வொன்றும் அடுத்த கூட்டத்தில் மூன்று பதிவுகளைத் தீர்மானமாக நிறைவேற்றலாம்: ஊரின் ஏரி, தாங்கல், வாய்க்கால் எல்லாவற்றின் புல எண்கள், கோடையிலும் மழைக்குப் பிறகும் பொதுக் கிணறுகளின் நீர்மட்டமும் உப்பளவும், வெளியே தண்ணீர் ஏற்றிச் செல்லும் இடங்கள். தீர்மானத்தின் படியை ஆட்சியருக்கும் குடிநீர் வாரியத்துக்கும் அனுப்புங்கள். குழாய்க்கு வரைபடம் போடுகிறவர்கள் வரும்போது ஊரின் வரைபடம் மேசைமேல் இருக்கட்டும்.